1,457 கஜம் மிச்சமிருக்க பேரி சாண்டர்ஸ் ஏன் நின்றார்?

நீங்கள் கேட்டது இது: "பேரி சாண்டர்ஸ் இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்தால் வால்டர் பேட்டனின் சாதனையைத் தாண்டியிருப்பார். அதை விட்டுவிட்டு 1999இல் ஏன் போனார்? காயமா, பணத் தகராறா, பயிற்சியாளரோடு சண்டையா?" இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, அவர் ஏன் போனார் என்பது. மற்றொன்றை நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை: அவ்வளவு கிட்டே வந்துவிட்டு ஒரு மனுஷனால் எப்படித் திரும்பிப் போக முடிகிறது? முதல் கேள்விக்கு ஓரளவுதான் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு அவருடைய பத்து வருட ஆட்டத்திலேயே பதில் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தொழில் பிசியோதெரபி. மிச்சிகனில் இருபது வருடத்துக்கு மேல் முழங்கால், கணுக்கால் கேஸ்களையே அதிகம் பார்த்துவருகிறேன். பள்ளி, கல்லூரி ஃபுட்பால் ஆடும் பையன்கள் சீசன் தொடங்கியதும் வரிசையாக வருவார்கள். சாண்டர்ஸ் ஆடியபோது நான் இந்த ஊரில் இல்லை. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய எந்த நோயாளியின் காலைப் பிடித்தாலும் பத்து நிமிடத்தில் பேச்சு அவரிடம் போய் நிற்கும். அப்படித்தான் பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் தேடி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அவரை நான் பரிசோதித்ததில்லை, சந்தித்ததும் இல்லை. உடலைப் பற்றி நான் சொல்வது திரையில் பார்த்ததை வைத்துத்தான்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. அமெரிக்க ஃபுட்பாலில் ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். யார்டு என்பது நம் பழைய கஜம்தான், மூன்று அடி. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர் ரன்னிங் பேக். கபடியில் பாடிப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதிரே ஏழு பேர் இல்லை, பதினொரு பேர், அதில் சிலர் நூற்றிருபது கிலோவுக்கு மேல். ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக நான்கு கஜம் எடுத்தால் நல்ல ஆள் என்பார்கள். சாண்டர்ஸ் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக 3,062 முறை பந்தோடு ஓடி 15,269 கஜம் எடுத்தார். சராசரி 5.0. ஆடிய பத்து சீசனில் ஒன்றில்கூட ஆயிரம் கஜத்துக்குக் குறையவில்லை. அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாக இருந்த பேட்டனின் கணக்கு 16,726. வித்தியாசம் 1,457. அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் சாண்டர்ஸ் மிகக் குறைவாக எடுத்ததே 1,491 என்பதால், "ஒரே ஒரு சீசன்" என்று நீங்கள் சொன்னது நியாயமான கணக்கு.

இனி காயம். உங்கள் மூன்று காரணங்களில் இதை மட்டும் ஓரளவு உறுதியாகத் தள்ளிவிடலாம். பத்து வருடத்தில் லீக் ஆட்டங்கள் 160. அதில் 153 ஆடினார். பெரிய இடைவெளி ஒன்றே ஒன்று: 1993இல் முழங்கால் காயத்தால் ஐந்து ஆட்டம் போனது. அந்த வருடமும் பதினொரு ஆட்டத்தில் 1,115 கஜம். அடுத்த வருடம் திரும்பி வந்து 1,883. லயன்ஸின் பழைய ஸில்வர்டோம் மைதானத்தில் இருந்தது செயற்கைத் தரை. முழங்காலுக்கு அதைவிட நல்ல தரைகள் எவ்வளவோ உண்டு. அந்தத் தரையில், அந்த வேலையில், இந்தக் கணக்கு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இதற்குக் காரணம் அவர் ஓடிய விதம் என்று நினைக்கிறேன். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், எடை தொண்ணூறு கிலோவை ஒட்டி, தொடைகள் மரம் மாதிரி. என்னிடம் வரும் பையன்களில் முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்தவர்கள் பலரும் சொல்லும் கதை ஒன்றே: யாரும் மோதவில்லை, திசை மாற்றக் காலைத் தூரமாக ஊன்றினேன், முழங்கால் உள்பக்கம் மடங்கியது, 'டப்' என்று ஒரு சத்தம். சாண்டர்ஸ் திசை மாற்றுவதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். காலைத் தூரமாக வீசவே மாட்டார். சின்னச் சின்ன அடிகளாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, பாதம் உடம்புக்கு நேர் கீழே வந்த பிறகுதான் திரும்புவார். பிரேக் போடும் வேலையை முழங்கால் மூட்டு தனியாகச் செய்யாது; இடுப்பும் தொடையும் பங்கு போட்டுக்கொள்ளும். இன்னொன்று, அவரை நேருக்கு நேராக முட்டுவது அரிது. பிடிக்க வருகிறவன் பாதி உடம்பைத்தான் தொடுவான், சில நேரம் காற்றை. 1994இல் நியூ இங்கிலாந்து அணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் அவர் முன்னால் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்ற காட்சியை இங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இதற்காக அவர் உடம்பில் வலியே இருந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. மூவாயிரம் முறை கூட்டத்துக்குள் போய் வந்த உடம்பு வலிக்காமல் இருக்காது. ஆனால் 1998இல் 1,491 கஜம் எடுத்தவரை உடல் தோற்றுப்போய் விலகினார் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பணம். இது கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் தகராறு உண்மையாகவே நடந்தது. ஆனால் அது அவர் போன பிறகு. 1997இல் லயன்ஸ் அணி அவரோடு ஆறு வருட ஒப்பந்தம் போட்டது. மொத்தம் மூன்றரைக் கோடி டாலர் அளவில், கையெழுத்துக்கே 1.1 கோடி. இரண்டு சீசன் ஆடிவிட்டு அவர் விலகியதும், அந்தக் கையெழுத்துத் தொகையில் 55 லட்சத்தைத் திருப்பிக் கொடு என்று அணி கேட்டது. வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள், முழுத் தொகையையும் திருப்பித் தருகிறேன் என்றார் இவர். அணி மறுத்தது. 2000 பிப்ரவரியில் சமரச நடுவரின் தீர்ப்பு வந்தது: மொத்தமாக வேண்டாம், சுமார் 18 லட்சம் உடனே, மீதி ஒப்பந்தம் மிச்சமிருக்கும் வருடங்களில், அவர் ஆடாமலே இருக்கும் பட்சத்தில். வரிசையைக் கவனியுங்கள். பணத்துக்காகப் போகிறவர் கைக்கு வரவேண்டிய நான்கு வருடச் சம்பளத்தை விட்டு, வாங்கியதையும் திருப்பிக் கட்டிவிட்டுப் போக மாட்டார். ஆனால் "வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள்" என்றது முக்கியம். வெறுத்தது ஆட்டத்தையா, அந்த அணியையா என்று யோசிக்க வைக்கும் வரி அது.

பயிற்சியாளர் விஷயம் ஊகம்தான். முதல் எட்டு வருடம் வெய்ன் ஃபான்ட்ஸ், கடைசி இரண்டு வருடம் பாபி ராஸ். ராஸ் கண்டிப்பானவர், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்று இங்கே பலர் அடித்துச் சொல்வார்கள். ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ராஸின் முதல் வருடம்தான் சாண்டர்ஸின் உச்சம். 1997இன் முதல் இரண்டு ஆட்டத்தில் சேர்த்து எடுத்தது வெறும் 53 கஜம். வயது இருபத்தொன்பது, ஆள் முடிந்தான் என்று பேச்சு. அதற்குப் பிறகு தொடர்ந்து பதினான்கு ஆட்டம், ஒவ்வொன்றிலும் நூறு கஜத்துக்கு மேல். டாம்பா பே அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எண்பது கஜ ஓட்டம் ஒன்று, எண்பத்திரண்டு கஜ ஓட்டம் இன்னொன்று. சீசன் முடிவில் 2,053. ஒரு சீசனில் இரண்டாயிரத்தைத் தாண்டிய மூன்றாவது ஆள். அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை பிரெட் ஃபாவ்ரோடு பகிர்ந்துகொண்டார். பயிற்சியாளர் மட்டுமே காரணம் என்றால் இந்த வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த 1997இன் கடைசி ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிசம்பர் 21, நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக. சாண்டர்ஸ் இரண்டாயிரத்தைத் தாண்டியது அன்றுதான். அன்றுதான் அவர் அணியின் ரெஜி பிரவுன் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு மூச்சு நின்று தரையில் கிடந்தார். மைதானத்திலேயே செயற்கைச் சுவாசம் கொடுத்து உயிரை மீட்டார்கள். பிறகு அவர் எழுந்து நடந்தார், ஆனால் ஆட்டம் அன்றோடு முடிந்தது. அதற்கு ஆறு வருடம் முன்னால், 1991 நவம்பரில், அதே அணியின் மைக் அட்லி அதே ஸில்வர்டோமில் விழுந்து, மார்புக்குக் கீழே உணர்விழந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டியபடி வெளியே கொண்டுபோகப்பட்டார். அடுத்த கோடையில் எரிக் ஆண்டோல்செக் என்ற தடுப்பு வரிசைக்காரர் தன் வீட்டு முற்றத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது லாரி ஏறி இறந்துபோனார். அட்லியும் ஆண்டோல்செக்கும் நின்ற அந்த வரிசைதான் எதிரணியைத் தள்ளி சாண்டர்ஸுக்கு வழி திறந்துவிட்டது. தண்டுவடக் காயம் பட்டவர்களோடு வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அது லேசில் மறக்காது. பயந்துதான் போனார் என்று இதை வைத்து முடிவு கட்டுவது தவறு. அட்லிக்குப் பிறகு ஏழு சீசன் ஆடியிருக்கிறார். ஆனாலும் இதைக் கணக்கில் எடுக்காமல் விடவும் மனம் வரவில்லை.

எனக்கு எடை அதிகமாகத் தெரியும் காரணம் வேறு: தோல்வி. பத்து வருடத்தில் லயன்ஸ் ஐந்து முறை பிளேஆஃப், அதாவது பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளுக்குப் போனது, ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தது. 1992 ஜனவரியில் டல்லஸை 38-6 என்று அடித்தார்கள். அதில் சாண்டர்ஸ் நாலைந்து பேருக்கு நடுவே மாட்டி, காணாமல் போய், திடீரென்று வெளியே முளைத்து 47 கஜம் ஓடிய ஓட்டம் ஒன்று இருக்கிறது. பிளேஆஃபில் அவர் ஓடி எடுத்த ஒரே டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) அது. அடுத்த வாரம் வாஷிங்டனிடம் 41-10. அதோடு சரி. 1994 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் பதின்மூன்று முறை பந்தோடு ஓடி அவர் எடுத்தது கழித்தல் ஒன்று. ஆமாம், மைனஸ் ஒரு கஜம். எதிரணி முழு ஆட்டத்தையும் அவரை அடைப்பதற்காகவே திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆட்டத்தைக் காட்டலாம். அவரைத் தவிர அஞ்ச வேண்டியவர்கள் லயன்ஸில் இருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஹெர்மன் மூர் போன்ற நல்ல ஆட்கள் இருந்தார்கள். நல்லவர்களைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. வழி திறக்கும் வரிசையில் நின்ற லோமாஸ் பிரவுன் 1995 சீசனோடு போனார். நடுவில் நின்று பந்தைத் தந்த கெவின் க்ளோவர் 1997 சீசனோடு போனார். சாண்டர்ஸ் 2,053 எடுத்த கையோடு, அவருக்கு வழி திறந்தவரைக் கழற்றிவிடும் அணி எந்த மாதிரி அணி? அடுத்த வருடம் 5 வெற்றி, 11 தோல்வி. பல வருடம் கழித்து அவரே தன் வாழ்க்கைக் கதையில் சொன்னதும் இந்தச் சலிப்பைத்தான்: ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த நிர்வாகத்திடம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவர் வாயால் வந்தது என்பதால் இதை உறுதி என்ற பக்கத்தில் வைக்கிறேன். அப்படிச் சொல்ல அவர் நான்கு வருடம் எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துத்தான். 1999 ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கும் வேளையில், சொந்த ஊரான விசிட்டாவின் செய்தித்தாளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். இந்த ஆட்டத்தில் இருக்கும் ஆசையைவிட விலகும் ஆசை அதிகமாகிவிட்டது என்பதுதான் அதன் சாரம். யாரையும் குற்றம் சொல்லவில்லை. லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். வயது முப்பத்தொன்று நிறைந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டெட்ராய்ட்காரர்கள் பலருக்கு அவர் போனதைவிட ஃபேக்ஸில் போனதுதான் நெடுநாள் உறுத்தியது.

இப்போது நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தச் சாதனை அவருக்கு வேண்டியிருந்தது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம் இல்லையா? அங்கேதான் இடறுகிறோம். 1989, அவருடைய முதல் சீசன், கடைசி ஆட்டம். லீகிலேயே அதிக கஜம் எடுத்தவர் பட்டத்துக்கு, கேன்சஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒக்கோயேவை முந்த, சாண்டர்ஸுக்குத் தேவைப்பட்டது பத்து கஜத்துக்கு மேல் கொஞ்சம். ஆட்டம் ஏற்கனவே கையில் இருந்தது. திரும்பப் போய் எடுக்கிறாயா என்று ஃபான்ட்ஸ் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓரத்தில் நின்றார். ஒக்கோயே 1,480, சாண்டர்ஸ் 1,470. இருபத்தொரு வயதுப் பையன், முதல் வருடம், இரண்டு ஓட்டத்தில் முடிகிற வேலை. அதற்கு முந்தைய வருடம் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காகப் பதினொரே ஆட்டத்தில் 2,628 கஜம் எடுத்து, கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கிடைத்தபோதும் அவர் விழா மேடையில் இல்லை. டெக்சஸ் டெக்கோடு ஆட அணியோடு டோக்கியோவில் இருந்தார். டச்டவுன் போட்டால் ஆடமாட்டார், பாடமாட்டார். பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிடுவார். 99 முறை அப்படி ஓடிப்போய்க் கொடுத்திருக்கிறார். பணிவு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்கு என்னவோ, எண்களில் அவருக்கு ருசியே இருந்ததில்லை என்றுதான் படுகிறது. கடைசி சீசனையும் பாருங்கள்: 1,491. இன்னும் ஒன்பது கஜம் எடுத்திருந்தால் தொடர்ந்து ஐந்தாவது முறை ஆயிரத்து ஐந்நூறை எட்டிய சீசன். முதல் வருடம் பத்து கஜம், கடைசி வருடம் ஒன்பது கஜம். அந்த ஒன்பதை அவர் வேண்டுமென்று விட்டார் என்று சொல்லவில்லை, கடைசி ஆட்டத்தில் பால்டிமோர் அணி அவரை நன்றாகவே அடைத்தது. ஆனால் பத்தை விட்டவருக்கு 1,457 மட்டும் ஏன் பெரிதாகப் பட வேண்டும்?

எதிர்வாதமும் இருக்கிறது. டல்லஸ் அணியின் ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித்தின் ரசிகர்கள் சொல்வார்கள்: நின்று ஆடுவதும் ஒரு திறமைதான். ஸ்மித் 2002இல் பேட்டனைத் தாண்டி, கடைசியில் 18,355இல் நின்றார். அதற்கு 4,409 ஓட்டம். சாண்டர்ஸைவிட 1,347 அதிகம். ஸ்மித்தின் முன்னால் இருந்த டல்லஸ் வரிசையை சாண்டர்ஸுக்குக் கொடுத்திருந்தால் என்று இங்கே டீக்கடை மாதிரி மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. சாண்டர்ஸ் பின்னால் ஓடி, பக்கவாட்டில் ஓடி, சில நேரம் மூன்று கஜம் இழந்து, அடுத்த முறை அறுபது எடுக்கும் ஆள். ஒவ்வொரு முறையும் நிச்சயமாக நான்கு கஜம் வேண்டும் என்று கேட்கும் அணியில் அவரை அப்படி ஓடவே விட்டிருப்பார்களா? தெளிவான இலக்கு வேண்டிய சமயத்தில் ஸ்மித்; டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டுமென்றால் சாண்டர்ஸ். என் தேர்வு இவ்வளவுதான்.

உச்சத்தில் விலகியவர் அவர் முதல் ஆளும் இல்லை. ஜிம் பிரவுன் 1966இல், முப்பது வயதில், ஒன்பதே சீசன் ஆடி 12,312 கஜத்தோடு விலகி நடிக்கப் போனார். அவருக்கு ஒரு வித்தியாசம்: சாதனை அப்போதே அவர் கையில் இருந்தது. சாண்டர்ஸுக்குப் பிறகு அதே லயன்ஸில் கால்வின் ஜான்சன் 2016இல் முப்பது வயதில் போனார், அவரிடமும் அணி பணம் திருப்பிக் கேட்டது. ஒரே அணியில் ஒரே கதை இரண்டு தடவை. இதை வைத்து நிர்வாகத்தைப் பற்றி நான் சொன்னதை எடை போட்டுக்கொள்ளுங்கள்.

கோபம் ஆற நாளாயிற்று. 2004இல் சாண்டர்ஸை இந்த ஆட்டத்தின் மகத்தானவர்கள் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2023 செப்டம்பரில் ஃபோர்டு ஃபீல்டு மைதானத்துக்கு வெளியே வெண்கலச் சிலை வைத்தார்கள். நாலு மாதம் கழித்து, 2024 ஜனவரியில், அந்த மைதானத்துக்குள் லயன்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை ஜெயித்தது. அதற்கு முன் ஜெயித்தது நான் மேலே சொன்ன அந்த 1992 டல்லஸ் ஆட்டம்தான். மறுநாள் கிளினிக்கில் ஒருவரும் ஒழுங்காக உடற்பயிற்சி செய்யவில்லை.

அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உச்சக் காட்சித் தொகுப்புகளில் தொடங்காதீர்கள். அவை எல்லா ஓட்டமும் அறுபது கஜம் என்று நம்ப வைத்துவிடும். 1997 டாம்பா பே ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். ஒன்றுமே கிடைக்காத ஓட்டங்களையும் பாருங்கள். அவற்றில்தான் கால் வைக்கும் விதம் தெரியும். மிகச் சிறந்த ரன்னிங் பேக் அவர்தானா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவருடைய அப்பா வில்லியம் விசிட்டாவில் கூரை போடும் வேலை செய்து பதினொரு பிள்ளைகளை வளர்த்தவர், மகன்களையும் கூரைமேல் ஏற்றி வேலை வாங்கியவர். அந்த அப்பாவிடம் இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பெயர் ஜிம் பிரவுன்.